கேட்கும் செவிக்கும் ஒரு செவி
பல்கலைக்கழக விடுதிகளில் பொறுப்பேற்கும் பட்ட மேற்படிப்பு மாணவர்களின் மனநலம்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விடும் நாளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வாளி, தலையணை, மேசை மின்விசிறி, முறுக்கு அடைத்த டப்பா ஆகியவை ஒவ்வொன்றாகக் காரிலிருந்து இறங்கும். அறைச் சாவி கைக்கு வந்து, கட்டில் விரித்து, கண்கலங்கி விடைபெறும் நேரத்தில், தந்தை விடுதி வாயிலில் நிற்கும் ஓர் இளைஞரைத் தேடிச் சென்று, "தம்பி, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்வார். அந்தத் தம்பியும் மறுக்காமல் தலையசைப்பார்.

யார் அந்தத் தம்பி? சில வேளைகளில் அவர் முதுகலையோ முனைவர் பட்டமோ பயின்றுகொண்டே விடுதியில் உதவிப் பொறுப்பேற்றிருக்கும் ஒரு மாணவர். பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். மாணவர் மனநலம் பற்றி இந்நாட்டில் இன்று நிறையப் பேசுகிறோம். அம்மாணவர் நள்ளிரவில் முதலில் தட்டும் கதவுக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.

விடுதியும் ஃபெலோவும்

ஜொகூர் உயர்கல்விக்குப் பேர்பெற்ற மாநிலம். 1975இல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் ஸ்கூடாயில் இருக்கிறது. பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் 1993இல் ஆசிரியர் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய நிறுவனம், 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவை யாவும் வெளியூர் மாணவரையும் வெளிநாட்டு மாணவரையும் ஈர்க்கும் நிலையங்கள். ஆகவே வகுப்பறைக்கு இணையாகத் தங்குமிடமும் இங்கே கல்வியின் பகுதியாகிறது.

நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விடுதியைத் 'தங்கும் கல்லூரி' என்றே அழைக்கும் வழக்கம் உண்டு. அதன் தலைமையில் ஒரு முதல்வர் இருப்பார். அவருக்குக் கீழ், மாணவரோடு அதே வளாகத்தில் குடியிருந்து பொறுப்பு வகிப்போர் ஃபெலோக்கள். இவர்களில் விரிவுரையாளரும் அலுவலரும் உண்டு. சில இடங்களில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் உதவி நிலையில் இப்பொறுப்பை ஏற்கின்றனர். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்ட மேற்படிப்பு மாணவரை விடுதி உதவியாளராக அமர்த்துவது பரவலான நடைமுறை.

ஃபெலோ என்னும் சொல்லின் பிறப்பையே சற்று நோக்குவோம். ஆங்கிலத்தில் இன்று தோழன், ஆய்வுநர் என்றெல்லாம் பொருள்படும் இச்சொல், பழைய வட ஐரோப்பிய மொழியின் 'ஃபேலகி' என்னும் சொல்லிலிருந்து வந்தது. 'ஃபே' என்றால் கால்நடை, செல்வம். தமிழில் 'மாடு' என்னும் சொல் விலங்கையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தன் பொருளைப் பிறர் பொருளோடு ஒன்றாக வைத்த கூட்டாளியே ஃபேலகி. கூட்டு முதலில் இலாபமும் பொது, இழப்பும் பொது. விடுதி ஃபெலோவைப் பொறுத்தவரை, பிறருடைய இழப்பில் அவர் பங்கேற்கிறார். அவருடைய இழப்பில் பங்கேற்பவர் யார் என்பது தெளிவாக இல்லை.

ஓர் இரவு

சுமை எத்தகையது என்பதை அறிய, ஓர் இரவைக் கற்பனையில் அமைத்துப் பார்ப்போம். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஓர் ஃபெலோ, மறுநாள் காலை 9 மணிக்குத் தம் மேற்பார்வையாளரைச் சந்தித்து ஓர் இயலை ஒப்படைக்க வேண்டும். இரவு 11 மணிக்குத் தண்ணீர்க்குழாய் உடைந்ததாகப் புலனக் குழுவில் செய்தி வருகிறது. அதைக் கவனித்துத் திரும்பினால், மேல்மாடியில் சத்தம் என்று முறையீடு. கண்டித்துவிட்டு வந்து கணினியைத் திறக்கும்போது மணி ஒன்றேகால். கதவு தட்டப்படுகிறது. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டபடியே அழத் தொடங்குகிறாள்.

நான்கு மணி வரை அந்த அக்கா கேட்கிறார். மாணவி ஓரளவு தேறி அறைக்குத் திரும்புகிறாள். அக்காவுக்கு உறக்கம் வரவில்லை. அவள் சொன்னவை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவள் உண்மையில் உறங்கிவிட்டாளா, போய்ப் பார்க்கலாமா என்னும் ஐயம் வேறு. காலை 9 மணிக்கு மேற்பார்வையாளர், "இயல் ஏன் முடியவில்லை?" என்று வினவுகிறார். அவ்வினாவுக்கு உண்மையான விடை உண்டு. ஆனால் அதைச் சொல்ல முடியாது. நம்பிச் சொன்ன ஒருத்தியின் துயரத்தைத் தம் தாமதத்துக்குச் சான்றாக எப்படி எடுத்துவைப்பது? "மன்னிக்கவும், இன்னும் இரண்டு நாளில் தந்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்கிறார்.

சிக்கலின் கரு இவ்விடத்தில்தான் இருக்கிறது. குழாய் பழுதுபார்த்தது பதிவேட்டில் ஏறும். மூன்று மணி நேரம் கேட்டது எங்கும் ஏறாது. கேட்டதை வெளியிடக்கூடாது என்னும் நல்லறமே, கேட்டவருடைய களைப்புக்குக் காரணம் சொல்ல முடியாதபடி அவர் வாயைக் கட்டிவிடுகிறது. இத்தகைய இரவுகள் பல சேரும்போது, வெளியே தெரிவது தாமதமான ஆய்வும் சோர்ந்த முகமும் மட்டுமே. பார்ப்போர் அதைச் சோம்பல் என்பர். நாளடைவில் அவரே தம்மைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்குவார்.

ஒருவருக்கு மூன்று வேடம்

இந்த ஃபெலோ ஒரே நேரத்தில் மூன்று நிலைகளில் இருக்கிறார். முதலாவதாக, அவர் மாணவர். ஆய்வு மாணவரின் மனநிலை பற்றி உலக அளவில் ஆய்வுகள் நடந்துள்ளன. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவரை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் மூவரில் ஒருவர் மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகும் நிலையில் இருப்பதாகக் கூறிற்று. வேலைப்பளு, தம் வேலையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை, மேற்பார்வையாளர் வழிநடத்தும் முறை ஆகியவை அதில் முக்கியக் காரணிகளாகக் காணப்பட்டன. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, பொதுமக்களைக் காட்டிலும் பட்ட மேற்படிப்பு மாணவரிடம் மனச்சோர்வும் மனப்பதற்றமும் ஆறு மடங்குக்கு மேல் காணப்படுவதாகத் தெரிவித்தது. தாமாக முன்வந்து விடையளித்தோரைக் கொண்ட ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. எனினும் அது காட்டும் திசையைப் புறக்கணிக்க இயலாது. நம் நாட்டிலும், உரிய காலத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும் என்பது ஆய்வு மாணவர் தலைக்கு மேல் எப்போதும் தொங்கும் அளவுகோல்.

இரண்டாவதாக, அவர் காவலர். விதிமுறைகளை நடைமுறைப்படுத்த வேண்டியவர். மூன்றாவதாக, அவர் அண்ணனோ அக்காவோ ஆனவர். நேற்று மாலை விதிமீறலுக்காக எச்சரித்த மாணவனே இன்றிரவு ஆறுதல் தேடி வரக்கூடும். கண்டித்த வாயே தேற்றவும் வேண்டும். இந்த மாற்றம் பார்ப்பதற்கு எளிது. செய்வதற்கு உழைப்பு வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட், விமானப் பணியாளரை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், தன் உள்ளத்து உணர்ச்சியை அடக்கி, பணிக்கு வேண்டிய உணர்ச்சியை முகத்தில் வரவழைப்பதும் ஓர் உழைப்பே என்று விளக்கினார். அதை நாம் 'உணர்வுழைப்பு' எனலாம். மூட்டை சுமந்தவர் தோளில் தழும்பு தெரியும். உணர்வுழைப்பின் தழும்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்று உண்டு. மற்றத் தொழிலாளி வேலை முடிந்தால் வீடு திரும்புகிறார். விடுதி ஃபெலோவுக்கு வேலையிடமே வீடு. தங்கும் அறையே அவர் பெறும் கைம்மாற்றின் பெரும்பகுதியாக அமையும் இடங்களில், 'என்னால் இயலவில்லை' என்று பொறுப்பிலிருந்து விலகினால் உறைவிடமும் போய்விடும். உதவித்தொகையை நம்பிப் படிப்பவருக்கு அது சிறிய இழப்பன்று. ஆகவே பலர் இயலாமையை ஒத்துக்கொள்ளாமலேயே காலத்தைத் தள்ளுகின்றனர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, வீடு திரும்ப முடியாத மாணவர்கள் விடுதிகளிலேயே அடைபட்டனர். கதவுகள் அடைபட்ட அந்நாள்களில் வீடும் வேலையிடமும் ஒன்றாக இருப்பதன் பொருள் என்ன என்பதை நம்மில் எல்லோருமே ஓரளவு உணர்ந்தோம். விடுதிப் பொறுப்பாளருக்கு அது ஆண்டு முழுவதும் உள்ள நிலை.

பணிச்சோர்வும் மனச்சோர்வும்

இங்கே இரு சொற்களைப் பிரித்தறிவது தேவை. 1974இல் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் போதைப்பழக்கத்துக்கு ஆளானோருக்குத் தொண்டு செய்தவர்களிடம் ஒரு தனிவகைக் களைப்பைக் கண்டு எழுதினார். எரிந்து தீர்ந்த விளக்கைப் போன்ற அந்நிலையை நாம் 'பணிச்சோர்வு' என்கிறோம். பிறருக்கு உதவ ஆர்வத்தோடு வந்தவர்களிடமே அது முதலில் கண்டறியப்பட்டது என்பது கருதத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது. ஆற்றல் வற்றிப்போதல் ஒன்று. பணியிலிருந்து உள்ளம் விலகி, வெறுப்போ ஏளனமோ கொள்ளுதல் இரண்டு. தன் வேலையால் பயனில்லை என்று கருதுதல் மூன்று. இது நோய் அன்று, பணியைச் சார்ந்த நிலை என்றும் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியது.

விடுதியில் இதன் இரண்டாம் அடையாளத்தையே நாம் முதலில் காண்போம். தொடக்கத்தில் ஒவ்வொரு கதவுத் தட்டலுக்கும் எழுந்து சென்ற ஃபெலோ, 'இவர்களுக்கு வேறு வேலை இல்லை' என்று முணுமுணுக்கத் தொடங்குவார். அவர் கெட்டவராகிவிடவில்லை. வற்றிய கிணறு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

மனச்சோர்வு இதனின் வேறானது. அது மருத்துவ நோக்கில் கண்டறிந்து, சிகிச்சை அளிக்க வேண்டிய நிலை. இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நாளின் பெரும்பகுதி துயரம் கவிந்திருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் அற்றுப்போதல், உறக்கமும் பசியும் மாறுதல், தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம், வாழ்வை முடித்துக்கொள்ளும் நினைவு ஆகியவை அதன் அறிகுறிகள். பணிச்சோர்வு உடையவர் விடுமுறையில் வீட்டுக்குப் போனால் ஓரளவு தேறுவார். மனச்சோர்வு விடுமுறையிலும் உடன் வரும். முன்னதைக் கவனியாமல் விட்டால் பின்னதற்கு இடம் கொடுத்ததாக அமையலாம்.

இது எங்கோ அரிதாக நிகழ்வதன்று. நாட்டின் தேசியச் சுகாதார, நோயுற்றோர் ஆய்வின்படி, மனச்சோர்வுக்கு ஆளான வயதுவந்தோர் 2019இல் 2.3 விழுக்காட்டினர். 2023இல் அது 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் இருமடங்கு.

சொல் கிடைத்தால் வழி கிடைக்கும்

மொழியைப் பேணும் அவையில் பேசும் நாம், இப்பொருளில் மொழிக்குள்ள பங்கை எண்ணாமல் மேலே செல்வது முறையன்று.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. விடுதிக் கதவைத் தட்டும் அழுகையும் பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்கிவிடுவதைக் காணலாம். குழுவேலையில் எவரும் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கப்பட்டவன் அழுவது இளிவு. பாட்டி இறந்த செய்தி கேட்டும் தேர்வு காரணமாக ஊர் போக முடியாதவள் அழுவது இழவு. கல்விக் கடன் கைக்கு வருமுன் கையிருப்புத் தீர்ந்தவன் அழுவது வறுமை. பழைய நிலை கெட்டுத் தளர்வதே அசைவு. எஸ்.பி.எம். தேர்வில் பள்ளிக்கே முதலாக வந்தவள், இங்கே வகுப்பின் கடைசியில் நிற்பதைக் கண்டு அழுவது அசைவு. கேட்பவர் இவ்வேறுபாட்டை உணர்ந்தால், எந்த அழுகைக்கு நிதிப் பிரிவை நாடுவது, எதற்கு விரிவுரையாளரை நாடுவது, எதற்கு வெறுமனே உடனிருப்பது என்று தெளியலாம். நான்கனுள் அசைவுதான் ஆய்வு மாணவராகிய ஃபெலோவையும் மிகுதியாகத் தாக்குகிறது. பள்ளியிலும் இளங்கலையிலும் வென்றே பழகியவர் அவர். தோல்வியடைந்த ஆய்வுச்சோதனைக்கு முன்னால், தாம் யார் என்பதே அவருக்கு ஐயமாகிவிடுகிறது.

இன்றைய மனநலச் சொற்களுக்கும் உடலோடு தொடர்பு உண்டு. 'உளைச்சல்' என்பது கை கால் குடைந்து வலிப்பதைக் குறிக்கும் சொல். நாற்று நட்ட கைக்கும், நெடுந்தொலைவு நடந்த காலுக்கும் உளைச்சல் எடுக்கும். அதை மனத்துக்கு ஏற்றி 'மன உளைச்சல்' என்றோம். உழைப்பினால் வரும் வலி என்னும் பொருள் அதற்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் வீட்டுப் பெரியோரும், "தலை பாரமா இருக்கு", "நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு", "மனசு சரியில்லை" என்றே சொல்வர். 'எனக்கு மனச்சோர்வு' என்று ஒரு தமிழ் மாணவர் வந்து சொல்வார் என எதிர்பார்த்துக் காத்திருந்தால், நாம் அவரைத் தவறவிடுவோம். "சாப்பிடப் பிடிக்கலை அண்ணா" என்பதே அவர் சொல்லும் முறையாக இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தில், 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று பெர்மாய் மருத்துவமனை என்னும் பெயருடன் விளங்குகிறது. 'பெர்மாய்' என்றால் அழகு, இனிமை. பேராக்கில் 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டதன் இன்றைய பெயரில் 'பகாகியா', அதாவது மகிழ்ச்சி என்னும் சொல் உண்டு. மருத்துவமனைகள் இனிய பெயர் சூடிக்கொண்டன. நம் பேச்சோ மாறவில்லை. "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்று இளைஞர்கள் இன்றும் கேலி பேசுகின்றனர். ஊர்ப்பெயர் ஏச்சாகிவிட்ட சூழலில், அங்கே சிகிச்சைக்குப் போக வேண்டியவர் எப்படித் துணிந்து போவார்? ஆயிரம் பேருக்கு 'உதவி தேடுங்கள்' என்று அறிவுரை சொல்லும் ஃபெலோவும், தமக்கென்று வரும்போது இந்த ஏச்சுக்கே அஞ்சுகிறார். 'மற்றவரைத் தேற்றுபவரே இப்படி ஆகிவிட்டார்' என்று பேசுவார்களே என்னும் கூச்சம் அவருக்குக் கூடுதல்.

தமிழ் பேசும் ஃபெலோவுக்கு வேறொரு பளுவும் சேர்கிறது. பெரிய வளாகத்தில் தமிழ் மாணவர் சிறுபான்மையினர். ஆங்கிலத்திலோ மலாயிலோ பாடம் எழுதக் கற்றவருக்கும் அழுகை தாய்மொழியில்தான் வருகிறது. எனவே தம் மாடியில் இல்லாத தமிழ் மாணவரும் தமிழ் அறிந்த ஒரே அக்காவைத் தேடி வருவர். அது அவருக்குப் பெருமை. அவருடைய இரவு அதனால் மேலும் சுருங்குகிறது.

கேட்போர் மரபு

கேட்டலையே தொண்டாகக் கொண்ட அமைப்புகள் இச்சிக்கலை எப்படி எதிர்கொள்கின்றன? 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், வாழ்வை வெறுத்தவர் தொலைபேசியில் பேசுவதற்கு 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். அவ்வழியில் கோலாலம்பூரில் 1970இல் 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு தோன்றியது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் 'சினேகா'வை நிறுவினார்.

இத்தகைய அமைப்புகளின் தொண்டரும் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற பொதுமக்களே. அவ்வகையில் விடுதி ஃபெலோவைப் போன்றவரே. ஆனால் அவர்களுடைய பணிமுறை மூன்று வகையில் வேறுபடுகிறது. ஒன்று, கேட்பதற்கு முன் முறையான பயிற்சி உண்டு. இரண்டு, கேட்பதற்கு நேர வரையறை உண்டு. முறைநேரம் முடிந்ததும் அடுத்தவர் பொறுப்பேற்பார். மூன்று, சமாரிட்டன்ஸ் தொண்டர் முறைநேரம் முடித்து வீடு திரும்புமுன், தாம் கேட்டவற்றைப் பற்றி மூத்த தொண்டர் ஒருவரிடம் பேசி, மனத்தில் ஏறியதை இறக்கிவைத்துச் செல்கிறார். மறைகாப்பு அமைப்புக்குள் பகிரப்படுகிறது; தனி ஒருவர் தலையில் பூட்டப்படுவதில்லை.

மூன்றாவதே தலையாயது. சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்தவருக்காக நம் முன்னோர் வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். சுமை குறையாது, வழியும் சுருங்காது. பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மீண்டும் ஏற்றிக்கொள்ள அந்தக் கல் உதவியது. விடுதி ஃபெலோவின் வழியில் அத்தகைய கல் நடப்படவில்லை.

செய்யத்தக்கவை

பல்கலைக்கழகங்கள் இதைச் செய்வது கடினமன்று. வாரத்தில் ஒரு மணி நேரம், பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் ஃபெலோக்களைக் குழுவாகச் சந்தித்து, மாணவர் பெயரைச் சொல்லாமல் அவர்கள் கேட்டவற்றைப் பேசச் செய்யலாம். இரவுப் பொறுப்பை முறைவைத்துப் பகிர்ந்து, முறையில்லாத நாளில் கதவு தட்டப்படாது என்னும் உறுதியை அளிக்கலாம். கடும் நெருக்கடியைக் கையாண்டவருக்கு மறுநாள் ஓய்வும், மேற்பார்வையாளருக்கு விவரம் இல்லாத ஒரு வரிக் குறிப்பும் தரலாம். 'நேற்றிரவு இவர் விடுதிப் பணியில் இருந்தார்' என்னும் அந்த ஒரு வரி, எந்த இரகசியத்தையும் உடைக்காமல் அவருடைய வாய்க்கட்டை அவிழ்த்துவிடும். பொறுப்பிலிருந்து விலகுவோருக்கு அந்தப் பருவம் முடியும்வரை அறையை நீட்டித்துத் தந்தால், இயலாமையை ஒளிக்க வேண்டிய தேவையும் குறையும்.

ஃபெலோ தம் எல்லையை அறிந்திருப்பதும் இன்றியமையாதது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவரே இந்நாட்டில் ஆலோசகராகத் தொழிற்பட முடியும். எனவே நோயைக் கண்டறிவதும் தீர்ப்பதும் ஃபெலோவின் கடமையல்ல. உளவியல் முதலுதவிக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று செயல்களைச் சொல்கிறது. மூன்றாவதாகிய இணைத்தலைப் பலர் கைவிடுவதாகக் கருதி அஞ்சுகின்றனர். காயத்தை அழுத்திப் பிடிப்பவர் முதலுதவியாளர். தையல் போடுபவர் மருத்துவர். உரியவரிடம் ஒப்படைக்கும் வரையில்தான் முதல்வரின் பணி.

இரு நடைமுறைக் குறிப்புகளையும் இங்கே சொல்ல வேண்டும். "இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்குக் கொடுத்தல் ஆகாது. "உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்" என்று முன்னரே கூறிவிடுவது இருவருக்கும் காப்பு. அடுத்து, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்துவிடுவோம் என்னும் அச்சம் வேண்டியதில்லை. பரிவோடு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. தற்கொலைக்கு முயன்றதற்காக வழக்கு வரும் என்னும் பழைய அச்சத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை.

உடனடி உதவி தேவைப்படுவோர் சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணையும், 'தாலியான் காசே' 15999 என்னும் எண்ணையும், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 என்னும் எண்ணையும் அழைக்கலாம். இவை மாணவருக்கு மட்டும் உரியவை அல்ல. ஃபெலோவும் அழைக்கலாம்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பல்கலைக்கழகம் செல்லும் மாணவருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பக் கற்பிக்கிறோம். 'மனசு சரியில்லை' என்று சொல்லவும், எவரிடம் சொல்வது என்று தெரியவும் கற்பித்து அனுப்பினால், அவர் நள்ளிரவு வரை பொறுத்திருந்து ஒரே கதவைத் தட்ட வேண்டியிராது. 'தம்போய்' என்னும் ஏச்சு வகுப்பறையில் எழும்போது, சிரித்து நகராமல் நிறுத்தித் திருத்துவதும் நம் கையில் இருக்கிறது. நம்மிடம் பயின்று இன்று ஃபெலோவாக இருப்பவர் விடுமுறையில் பள்ளிக்கு வந்தால், "ஆய்வு எப்போது முடியும்?" என்பதற்கு முன்னால், "இரவில் தூங்க முடிகிறதா?" என்று கேட்கலாம்.

முடிவுரை

கேட்டல் ஓர் உழைப்பு. உழைப்புக்கு ஓய்வும், பயிற்சியும், கணக்கும் வேண்டும். விடுதி ஃபெலோவின் கேட்டலுக்கு இம்மூன்றும் இன்னும் போதிய அளவில் அமையவில்லை. நம்பிக்கையைக் காப்பதற்காக அவர் காக்கும் மௌனம், அவரையே அரிக்கும் மௌனமாகிவிடாதபடி, அவர் பேசுவதற்கென ஓர் இடம் அமைப்பதே நாம் வற்புறுத்துவது.

அடுத்த பருவத் தொடக்கத்தில் மீண்டும் வாளிகளும் தலையணைகளும் விடுதி வாயிலில் இறங்கும். பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் மீண்டும் அந்தத் தம்பியைத் தேடுவர். "பிள்ளையைப் பார்த்துக்குங்க" என்று சொன்ன கையோடு, "நீங்க நல்லா இருக்கீங்களா தம்பி? சாப்பிட்டீங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம். கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும் வரை சற்று நிற்போம்.